பால்-பகரமும் தம்பி-பகரமும்: ஜெர்மனியில் ஆங்கிலம் கேட்கும் தமிழ்ச் செவி

1. ஒரு விமானச் சீட்டு வழக்கு

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போக விரும்பிப் பயண முகவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்குப் பதிவான சீட்டோ பிரான்சின் போர்தோ நகருக்கு. பணம் தர மாட்டேன் என்று அவர் மறுக்க, விவகாரம் ஸ்டுட்கார்ட்-பாட் கான்ஸ்டாட் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் தீர்ப்பு வந்தது: அவர் 294 யூரோ கட்ட வேண்டும். பதிவு செய்யும் முன் முகவர் ஊர்ப்பெயரைத் திருத்தமான ஜெர்மனில் இரண்டு முறை திருப்பிச் சொல்லியிருக்கிறார், அம்மையாரும் ஆமாம் என்றிருக்கிறார். தெளிவில்லாமல் சொன்னதால் வரும் இழப்பு சொன்னவரையே சேரும் என்பது நீதிமன்றத்தின் கணக்கு.

சாக்சனிப் பேச்சில் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். நாம் 'பால்' என்பதில் ஒலிக்கும் பகரமும் 'தம்பி' என்பதில் ஒலிக்கும் பகரமும் அங்கே ஒன்றாகிவிடும், டகரமும் அப்படியே. ஆகவே அவர் வாயில் போர்ட்டோவும் போர்தோவும் ஒரே ஊர்.

இந்த வழக்கைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இரண்டு ஊர்களையும் நாமும் 'போ' என்றே தொடங்குகிறோம். சாக்சனிக்காரரின் வாயில் இருக்கும் சிக்கல் நம்முடைய எழுத்திலேயே இருக்கிறது. இக்கட்டுரையில் இவ்விரு ஒலிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்களில் 'பால்-பகரம்', 'தம்பி-பகரம்' என்று எழுதுகிறேன். 'கல்-ககரம்', 'தங்கம்-ககரம்' என்பவையும் அவ்வாறே.

ஜெர்மனிக்குப் போகும் தமிழர் அங்குள்ளவர்களின் ஆங்கிலம் பிடிபடாமல் திண்டாடுவதும், தம் ஆங்கிலம் அவர்களுக்குப் பிடிபடாமல் விழிப்பதும் அன்றாட அனுபவம். இதற்கு 'நம் ஆங்கிலம் போதவில்லை' என்றோ 'அவர்களுக்கு ஆங்கிலம் வராது' என்றோ காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். இரண்டும் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். அங்கே பேசப்படும் ஆங்கிலத்தில் ஆங்கிலேயர் யாரும் இல்லை. ஜெர்மன் ஒலியிலக்கணமும் தமிழ் ஒலியிலக்கணமும் ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்டு எதிரெதிரே நிற்கின்றன. எனவே ஜெர்மானியரின் ஆங்கிலம் புரிய வேண்டுமானால் கூடுதலாகக் கற்க வேண்டியது ஆங்கிலத்தை அல்ல, ஜெர்மன் மொழியின் ஒலிகளை.

2. சொல்லும் அளவுகோலும்

'ஆக்சென்ட்' என்று நாம் பேச்சில் சொல்வதை இங்கே 'சாயல்' என்கிறேன். சாயல் இல்லாத பேச்சு கிடையாது. நாகர்கோவில்காரர் பேசுவதைக் கோவைக்காரர் சாயல் என்பார், கோவைக்காரர் பேசுவதை நாகர்கோவில்காரர் அப்படிச் சொல்வார்.

கனடாவில் மர்ரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, அதுவரை ஒன்றாகக் குழம்பிக் கிடந்த மூன்றைப் பிரித்தது. சாயல் எவ்வளவு அடர்த்தி என்பது ஒன்று. சொன்ன சொல் கேட்டவருக்குச் சரியாகப் பிடிபட்டதா என்பது இன்னொன்று. அதைப் பிடிக்கக் கேட்டவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது மூன்றாவது. மாண்டரின் மொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் 'சாயல் மிக அதிகம்' என்று மதிப்பிட்ட பல வாக்கியங்களையும் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டினார்கள். சாயல் உறைப்பாக இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. நம் ஊரில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துவோர் பலர் முதலாவதைக் குணப்படுத்திக் கட்டணம் வாங்குகிறார்கள். பயணிக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

இந்திய ஆங்கிலம் எவ்வளவு பிடிபடுகிறது என்பதை முறையாக அளந்த முதன்மையான முயற்சி ஆர். கே. பன்சாலுடையது. ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனம் அதை 1969இல் நூலாக வெளியிட்டது. இந்தியரின் ஆங்கிலத்தை அவர் பிரிட்டானியருக்கு மட்டுமல்லாமல் அமெரிக்கர், நைஜீரியர், ஜெர்மானியர் ஆகியோருக்கும் ஒலிபரப்பிச் சோதித்தார். இந்தியரின் ஆங்கிலத்துக்கு நடுவராக லண்டன் செவி ஒன்றே போதாது என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிடிபடாமைக்கு அவர் சுட்டிய காரணங்களில் முன்னே நிற்பது சொல்லழுத்தம் இடம் மாறுவது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

3. ஜெர்மனிக்கு ஆங்கிலம் வந்த வழி

நமக்கு ஆங்கிலம் ஆட்சியாக வந்து, அலுவலகமாக நிலைத்து, பள்ளிக்கூடமாகப் பரவியது. அங்கே அது பாடமாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாம்புர்க், கொலோன் முதலியவை பிரிட்டன் மண்டலத்திலும், மியூனிக், ஸ்டுட்கார்ட், ஃபிராங்க்ஃபர்ட் அமெரிக்க மண்டலத்திலும் இருந்தன. மேற்கு ஜெர்மனி மாநிலங்கள் 1964இல் செய்துகொண்ட ஹாம்புர்க் உடன்பாடு, ஐந்தாம் வகுப்பு முதல் ஓர் அயல்மொழியை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஆங்கிலம். கிழக்கு ஜெர்மனியிலோ ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் தொடங்கிய மொழி ரஷ்யன்.

இது வெறும் பழங்கதை அல்ல. 1953 முதல் 1990 வரை கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்று பெயர் தாங்கிய கெம்னிட்ஸ் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்று இந்திய மாணவர் ஏராளம். வகுப்பில் இளம் ஆய்வாளரின் ஆங்கிலம் தடையின்றி ஓடும். வீட்டு உரிமையாளருக்கு அறுபதைத் தாண்டிய வயது என்றால் அவர் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. மாணவர் இரண்டையும் ஒரே நாளில் சந்திக்கிறார். 2023–24இல் ஜெர்மன் உயர்கல்வி நிலையங்களில் இந்தியர் 49,000-க்கும் மேல், அயல்நாட்டு மாணவர்களில் அவர்களே மிகப் பெரிய கூட்டம்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனியில் அயல்நாட்டுப் படங்கள் திரையரங்கிலும் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் ஜெர்மன் குரல் கொடுக்கப்பட்டே வருகின்றன. பக்கத்திலுள்ள நெதர்லாந்தில் அடியில் எழுத்து ஓட, மூலக் குரல் அப்படியே கேட்கும். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்த கண்ணும் அதைக் கேட்டுப் பழகாத செவியும் கொண்ட தலைமுறைகள் இப்படித்தான் உருவாயின. ஹாலிவுட் நாயகர்களைத் தமிழில் பேசவைத்துக் கேட்டவர்கள் நாம். இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை.

4. ஒலிக்கூறுகள்

4.1 சொல்லின் இறுதி

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியமும் நன்னூலும் மொழியிறுதி எழுத்துகளை எண்ணிச் சொல்லும்போது க், ச், ட், த், ப், ற் ஆறையும் விட்டுவிடுகின்றன. அயல்மொழிச் சொல் அப்படி வந்து முடிந்தால் நாம் ஒரு குற்றியலுகரத்தைக் கொடுத்து உட்காரவைக்கிறோம்.

ஜெர்மன் சொல் வல்லினத்தில் தாராளமாக முடியும். ஆனால் அங்கே வேறொரு விதி. இறுதியில் வரும் 'தம்பி' வகை ஒலிகள் எல்லாம் 'பால்' வகையாக இறுகிவிடும். சக்கரத்துக்கும் ஆலோசனைக்கும் எழுத்தில் வேறு வேறு சொற்கள் இருந்தாலும், ஜெர்மானியர் வாயில் இரண்டும் 'ராட்' என்ற ஒரே ஒலிதான். இவ்விதி தாய்மொழியிலிருந்து அவர் பேசும் ஆங்கிலத்துக்குள் சத்தமில்லாமல் நுழைகிறது.

இப்போது முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்'. ஆனால் நம் வாய் அவற்றைக் குழப்புவதில்லை. முதுகு 'பேக்கு' ஆகிறது, பை 'பேகு' ஆகிறது. முன்னதில் ககரம் இரட்டித்துக் கல்-ககரமாக நிற்கிறது, பின்னதில் இரு உயிர்களுக்கு நடுவே சிக்கித் தானாகவே மெலிகிறது. உயிரிடையில் வல்லினம் மெலிவதையும் இரட்டித்தால் இறுகுவதையும் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ஒரு பொது இயல்பாகவே விளக்கினார். அந்த இயல்பு இங்கே ஆங்கிலத்துக்குச் சேவகம் செய்கிறது. நம் ஆங்கிலத்தில் குறை என்று ஆசிரியர்கள் அடித்துத் திருத்திய அந்தச் சின்ன உகரம்தான் இரு சொற்களையும் பிரித்துக் காப்பாற்றுகிறது!

ஜெர்மானியருக்கு அந்த வசதி இல்லை. முதுகும் பையும் அவரிடம் ஒரே 'பெக்'. இதோடு ஆங்கிலத்தின் அகன்ற ஏகார ஒலி அவரிடம் எகரமாகக் குறுகுவதும் சேர்ந்துகொள்ளும். மோசம், படுக்கை, கிரிக்கெட் மட்டை, பந்தயம் ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள். பயிற்சி குறைந்த ஜெர்மானியர் வாயில் நான்கும் 'பெட்' என்ற ஒன்றை நோக்கி ஒடுங்கும். விடுதிப் படுக்கை மோசம் என்று அவர் ஒத்துக்கொண்டால் நமக்கு 'பெட் பெட்' என்றுதான் கேட்கும். (வழக்கு நடந்த கான்ஸ்டாட்டின் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லை ஆங்கில எழுத்தாகப் படித்தால் 'மோசம்' என்று வரும். ஜெர்மனில் அது 'பாட்', குளியல் என்று பொருள். நீராடல் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர்களுக்கு அங்கே வழங்கும் அடைமொழி.)

4.2 சொல்லின் முதல்

நியூயார்க்கில் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 1964இல் பதினொரு மொழிகளின் மொழிமுதல் வல்லினத்தை மில்லிவினாடிக் கணக்கில் அளந்து வெளியிட்டார்கள். ஒலியியலில் இன்றும் முதற்பாடமாகச் சொல்லித்தரும் ஆய்வு அது. அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலுள்ள நேரத்தை அவர்கள் அளந்தார்கள். ஆங்கிலப் பால்-பகரத்தில் அந்த இடைவெளி 50 மில்லிவினாடியைத் தாண்டுகிறது. அந்த இடைவெளியில் மூச்சு ஒரு சின்ன ஊதலாக வெளியேறும். தமிழ்ப் பகரத்தில் இடைவெளி மிகச் சிறிது, ஊதலே இல்லை.

திருத்தமான ஜெர்மன் பேசுவோரும் ஆங்கிலேயரைப் போல ஊதிப் பேசுபவர்களே. அதைவிட முக்கியமான செய்தி வேறு. மொழிமுதலில் அவர்களுடைய தம்பி-பகரம் பெரும்பாலும் குரல் அதிராமலே வருகிறது. அதாவது அவர்கள் தம்பி-பகரம் என்று நினைத்து உச்சரிப்பது கிட்டத்தட்ட நம்முடைய பால்-பகரமேதான்.

இதன் விளைவைப் பாருங்கள். மருந்துக் கடையில் தமிழர் ஆங்கிலத்தில் 'பில்' என்று மாத்திரை கேட்கிறார். ஊதல் இல்லாத நம் பகரத்தைக் கேட்டவர் அதைத் தன் கணக்கில் தம்பி-பகரமாகப் பதிந்துகொண்டு, ரசீது கேட்கிறார் என்று எண்ணுகிறார். திசையை மாற்றினாலும் அதே கதை: அவர் ரசீது என்கிறார், நமக்கு மாத்திரை கேட்கிறது. இருவருமே தத்தம் இலக்கணப்படி சரியாகத்தான் பேசினார்கள். இந்தப் பிசகுக்கு எளிய மருந்து, பூவை ஊதுவது போல் பகரத்தின் பின்னால் கொஞ்சம் மூச்சை விடுவது. நாணத்தை விட்டால் ஒரு நிமிடத்தில் பழகிவிடலாம்.

4.3 உயிரும் உயிரும் சந்திக்கும் இடம்

ஜெர்மன் சாயலில் தமிழ்ச் செவியை மிகவும் களைப்பாக்குவது எது என்று என்னைக் கேட்டால், மெய்யெழுத்துகளை அல்ல, இதைத்தான் சொல்வேன்.

தமிழில் உயிரும் உயிரும் அடுத்தடுத்து நிற்க இடம் கொடுப்பதில்லை. நடுவில் யகரமோ வகரமோ வந்து இரண்டையும் உடம்படுத்தும். மணி அடித்தது 'மணியடித்தது' ஆகிறது, பூ அழகு 'பூவழகு' ஆகிறது. இந்த உடம்படுமெய்யை நாம் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறோம். 'த்ரீ எய்ட்' என்ற எண் நம் வாயில் 'த்ரீயெய்ட்', 'கோ அவுட்' நம் வாயில் 'கோவவுட்'. பேச்சு தண்ணீர் போல ஓடுகிறது.

ஜெர்மன் இதற்கு நேர் எதிர். உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள். சிறு இருமலின் தொடக்கம் போன்ற அந்த அடைப்பு அவர்களுக்குச் சொல்லெல்லை. 'த்ரீ | எய்ட்', 'கோ | அவுட்' என்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனிச் செங்கல்லாக வந்து விழும்.

நமக்கு அது அதட்டலாகவும் கோபமாகவும் கேட்கிறது. ஜெர்மானியர் முசுடு என்று ஊர் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில் பாதி இந்தத் தொண்டையடைப்பிலிருந்து பிறந்தவை என்பது என் ஐயம். அவர் தரப்பில் பார்த்தால், சொல்லெல்லையில் ஓர் அடைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் செவிக்கு 'த்ரீயெய்ட்' என்பதில் சொல் எங்கே முடிந்தது என்பதே தெரிவதில்லை. நாம் வேகமாகப் பேசுகிறோம் என்று குற்றம் சாட்டுகிறார். பெரும்பாலும் நாம் வேகமாகப் பேசுவதில்லை, சேர்த்துப் பேசுகிறோம். அவருக்காக மெதுவாகப் பேசிப் பயனில்லை. விட்டுப் பேச வேண்டும்.

4.4 வகரமும் தகரமும்

ஆங்கிலத்தில் வகரம் இரண்டு: பல் உதட்டைத் தொடுவது ஒன்று, உதடு குவிவது ஒன்று. ஜெர்மனில் முதல் வகை மட்டுமே உண்டு, ஆகவே திராட்சை மதுவும் திராட்சைக் கொடியும் ஒரே சொல்லாகும். மிகையாகத் திருத்திக்கொள்பவர் எல்லா இடத்திலும் உதட்டைக் குவிப்பதும் உண்டு. ஆங்கிலேயர் இதில் இரண்டு பிழை காண்பார். தமிழ்ச் செவிக்கு ஒரு பிழையும் கேட்காது. நமக்கும் வகரம் ஒன்றுதான்.

நாக்கைப் பல்லிடை வைத்துச் சொல்லும் ஆங்கில ஒலி வேறு கதை. நாம் அதைத் தகரமாக்குகிறோம், ஜெர்மானியர் ஸகரமாக்குகிறார். நம்முடைய 'தேங்க் யூ' அவருக்கு 'ஸெங்க் யூ'. மூழ்கிக்கொண்டிருக்கிறோம் என்று கப்பலிலிருந்து கூக்குரல் வர, ஜெர்மன் கடலோரக் காவல் ஊழியர் 'எதைப் பற்றி யோசிக்கிறீர்கள்' என்று கேட்கும் மொழிப்பள்ளி விளம்பரம் உலகெங்கும் சுற்றியது. யோசிப்பதும் மூழ்குவதும் அவருக்கு ஒரே ஒலி. ரயிலில் கேட்கும் ஆங்கில நன்றியறிவிப்பின் சாயலை அப்படியே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் எழுதி, அதையே தலைப்பாக வைத்து 2008இல் ஒரு நகைச்சுவை நூல் அங்கே விற்றது. தம் சாயலைப் பார்த்துத் தாமே சிரிக்கத் தெரிந்தவர்கள்.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூலில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத இருவர் தமக்குள் பேசும்போது எந்த ஒலிகள் தவறினால் புரிதல் உடைகிறது என்று ஆராய்ந்தார். பல்லிடை ஒலியை அவர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார், அதைத் தகரமாகவோ ஸகரமாகவோ சொன்னாலும் பெரிய நட்டமில்லை என்று. மொழிமுதல் வல்லினத்தின் ஊதல், உயிரின் நீட்டம், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பவற்றை வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் நான் கேட்டவரை அவர் கணிப்பு பெரிதும் பொருந்துகிறது. 'ஸெங்க் யூ' சிரிப்பு மூட்டும், வழி தவறவைக்காது.

4.5 அழுத்தம்

தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றினால் சொல்லின் பொருள் மாறாது. ஜெர்மனில் மாறும். 'உம்ஃபாரன்' என்ற சொல்லின் முதலசையை அழுத்தினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது, நடு அசையை அழுத்தினால் சுற்றிக்கொண்டு போவது. ஓட்டுநர் உரிமத் தேர்வில் இந்த வேறுபாடு முக்கியம்!

இப்படிப்பட்ட மொழியில் வளர்ந்த செவி, சொல்லைத் தேடும்போது முதலில் அழுத்தமான அசையைத் தேடும். நாமோ ஆங்கிலச் சொல்லின் அசைகளை ஏறக்குறைய சமமாக வைத்தோ, முதலசையை உயர்த்தியோ பேசுகிறோம். எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும் அவருக்குச் சொல் கிடைப்பதில்லை. பன்சால் சுட்டியது இதைத்தான். பதின்மூன்றையும் முப்பதையும் ஆங்கிலத்தில் பிரிப்பது இறுதி மெய்யைக் காட்டிலும் அழுத்தமே. நடைமேடை எண்ணை வாயால் கேட்டு ஓடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

5. எழுத்தின் பெயர், எண், கடிகாரம்

ஓர் அலுவலகத்தில் என்னோடு வந்த உறவுக்காரப் பெண் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். பெயர் வேணி. ஆங்கில முறைப்படி 'வீ, ஈ, என், ஐ' என்றாள். எதிரே இருந்தவர் ஜெர்மன் எழுத்துப் பெயர்களால் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே முதல் உயிரெழுத்து 'ஆ', ஆங்கிலத்தில் 'ஈ' எனப்படுவது 'ஏ', 'ஐ' எனப்படுவது 'ஈ'. பல் தொடும் வகரத்தின் எழுத்துப் பெயர் 'ஃபௌ', இரட்டை வகரத்தின் பெயர் 'வே'. ஆக, அவள் சொன்ன 'வீ'க்கு இரட்டை வகரத்தையும், 'ஈ'க்கு அவர் ஈயையும், 'ஐ'க்கு ஜெர்மனில் ஐகாரம் தரும் ஈரெழுத்துக் கூட்டையும் போட்டார். தாளில் விழுந்ததை ஜெர்மன் முறையில் படித்தால் 'வினை'. வேணி வினையானாள். அன்று அதை நினைத்துச் சிரித்தோம், ஆனால் பதிவேட்டில் அதைத் திருத்த இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது.

எழுதித் தந்தால் சிக்கல் தீரும், ஆனால் புதிதாக ஒன்று பிறக்கும். ஜகரத்துக்கு நாம் போடும் ஆங்கில எழுத்தை அவர்கள் யகரமாகப் படிப்பார்கள். ராஜன் ராயன் ஆவார். ராஜா ராயர் ஆன வரலாறு நம் பக்கமே உண்டு என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்களில் சாயலோடு இலக்கணமும் கைகோக்கிறது. ஜெர்மனில் இருபத்தொன்று என்பது 'ஒன்றும் இருபதும்'. இந்திக்காரருக்கு ஒன்றை முன்வைத்துச் சொல்வது பழக்கம், தமிழருக்கோ ஆங்கிலம் போலவே பத்து முன்னால் வரும். ஜெர்மானியர் ஆங்கிலத்தில் தொலைபேசி எண் சொல்லும்போது இலக்கங்கள் இடம் மாறிவிடுவது உண்டு. ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டு வாங்குவது நல்லது.

கடிகாரம் இன்னும் மோசம். ஜெர்மனில் 'அரைப் பத்து' என்றால் ஒன்பதரை: பத்தாம் மணியில் பாதி ஆகியிருக்கிறது என்ற கணக்கு. பிரிட்டிஷ் பேச்சில் அதே தொடர் பத்தரை. லண்டனில் ஆங்கிலம் கற்ற தமிழர் ஹாம்புர்க் நண்பரின் 'அரைப் பத்து'க்குப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். கிழக்கிலும் தெற்கிலும் சில பகுதிகளில் 'கால் பத்து' என்பார்கள், அது ஒன்பதே கால். நம்முடைய ஒன்பதே காலும் ஒன்பதரையும் முடிந்த மணியில் நின்று முன்னோக்கி எண்ணுகின்றன, அவர்கள் வரப்போகும் மணியின் பங்கைச் சொல்கிறார்கள்.

6. கேட்பவரின் பங்கு

கான்ஸ்டாட் தீர்ப்பு முழுச் சுமையையும் சொன்னவர் தலையில் வைத்தது. வணிக ஒப்பந்தத்துக்கு அது சரியாக இருக்கலாம். மொழியியல் சோதனைகள் கேட்பவரையும் கூண்டில் ஏற்றுகின்றன.

அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரே ஒலிப்பதிவைக் கேட்டார்கள். பேசியவர் ஒஹையோவில் வளர்ந்த, ஆங்கிலம் தாய்மொழியான பெண். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படமும் இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் சாயல் கேட்டதாகச் சொன்னார்கள், புரிந்ததும் குறைவு. ஒலியில் இல்லாததைக் கண் செவிக்குச் சொல்லிக்கொடுத்தது. இந்த விளையாட்டை நாமும் ஆடுகிறோம். வெள்ளை முகம் பேசினால் அது 'நல்ல ஆங்கிலம்' என்று நம்பிக் காது கொடுத்து, புரியாதபோது பழியை நம்மீதே போட்டுக்கொள்கிறோம்.

நல்ல செய்தியும் உண்டு. கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் இருவரின் 2004 ஆய்வு, பழக்கமில்லாத சாயலைக் கேட்கத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள்ளாகவே செவி தன்னைத் திருத்திக்கொள்வதைக் காட்டியது. ஆன் பிராட்லோ, டெஸ்ஸா பென்ட் 2008இல் இன்னொன்றைக் கண்டார்கள்: ஒரே சாயலுள்ள பலரைக் கேட்டுப் பழகியவர்கள், அதே சாயலோடு வரும் புதியவரையும் எளிதாகப் பிடித்தார்கள். ஒரே நண்பரிடம் மாதக்கணக்கில் பேசுவதைவிட, நான்கு கடைகளில் நான்கு பேரிடம் பேசுவது செவிக்கு நல்ல பள்ளிக்கூடம்.

7. எதிர்த்திசைப் பயணங்கள்

1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து தமிழெழுத்தை எழுதிப் பழகினார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ் எங்கே இருக்கிறது? சாக்சனியில். பகரம் இரண்டாகப் பிரியாத எழுத்துமுறையைச் சாக்சனிக்காரர் ஒருவர் வந்து கற்றார் என்பதில் ஒரு சுவை உண்டு. அவருக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்க ஆங்கிலம் இல்லை.

1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியபோது நிலைமை மாறியிருந்தது. வந்த ஜெர்மன் பேராசிரியர்களின் தாய்மொழி ஜெர்மன், முன்னே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்குத் தமிழ், பாடமோ ஆங்கிலத்தில். இன்று கெம்னிட்ஸில் நடப்பதன் ஒத்திகை அடையாற்றங்கரையில் எப்போதோ நடந்துவிட்டது.

1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர் வேறு வழியில் போனார்கள். அவர்கள் ஆங்கிலத்தைத் தாண்டி ஜெர்மனையே கற்றார்கள், பிள்ளைகள் ஜெர்மனில் வளர்ந்தார்கள். 2002இல் குடமுழுக்கு நடந்த ஹாம் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவில், சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளரும் அங்கே பிறந்த ஈழத்து இளைஞரும் அருகருகே நிற்பார்கள். இவர் 'ஜெர்மனி' என்று எழுதுவதை அவர் வீட்டில் 'ஜேர்மனி' என்றோ 'யேர்மனி' என்றோ எழுதுவார்கள். இவருக்கு டொரன்டோ, அவர்களுக்கு ரொறன்ரோ. அயலொலியைத் தமிழுக்குள் வாங்கும் முறையிலேயே நமக்கு இரண்டு சாயல்கள் உள்ளன. 'யேர்மனி'யின் யகரம் ஜகரத்தைத் தமிழ்ப்படுத்தும் பழைய வழக்கத்தைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய 'ராஜன்' ஜெர்மானியர் வாயில் ராயன் ஆவதும் அதே மாற்றம்தான்.

8. ஊர்ப்பெயர் அட்டவணை

ஜெர்மானியர் தம்மிடையே உள்ள கேள்விப் பிசகுகளுக்குக் கண்டுபிடித்த மருந்துகள் பயணிக்கும் உதவும். இரண்டும் மூன்றும் ஜெர்மனில் 'ட்ஸ்வை', 'ட்ரை'. தொலைபேசியில் குழம்பாமலிருக்க இரண்டை 'ட்ஸ்வோ' என்று மாற்றிச் சொல்வார்கள். எழுத்துகளுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயரைச் சொல்வது அங்கே நெடுநாள் வழக்கம். 1934இல் நாஜிகள் அந்தப் பட்டியலிலிருந்து டாவிட், நாதன் போன்ற யூதப் பெயர்களைத் தூக்கினார்கள், அந்தக் கறை போருக்குப் பின்னும் முழுதாகப் போகவில்லை. 2022இல் ஜெர்மன் தரநிர்ணய அமைப்பு வெளியிட்ட புதிய அட்டவணை ஆட்பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப்பெயர்களை வைத்தது: ஆகன், பெர்லின், கெம்னிட்ஸ், டூஸ்ஸல்டோர்ஃப் என்று.

வேணி அடுத்த முறை போனபோது நான்கு ஊர்களைச் சொன்னாள்: ஃபோல்க்லிங்கன், எஸ்ஸன், நூர்ன்பெர்க், இங்கல்ஹைம். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார், ஓர் எழுத்தும் பிசகவில்லை.

சாக்சனி அம்மையார் இப்படிச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாரா? போர்ட்டோவின் முதலெழுத்துக்கு அட்டவணை தரும் ஊர் பொட்ஸ்டாம். அவர் வாயில் அதுவும் தம்பி-பகரத்தில்தான் தொடங்கியிருக்கும். ஆனால் தம்பி-பகரத்தில் தொடங்கும் பொட்ஸ்டாம் என்று ஓர் ஊர் அந்த அட்டவணையில் கிடையாது, அந்த எழுத்துக்கு அங்கே இருப்பது பெர்லின் மட்டும்.